மன்னித்தருள வேண்டுகிறேன்

அந்த அக்காவிடம் யாரும் ஒரு வார்த்தையைக் கொடுத்துவிட்டு அதே வார்த்தையைத் திரும்ப வாங்க முடியாது. "வயிறு கலீஜாயிடுச்சு, மேடம்" என்று ஒருவர் வந்து நின்றால் அக்காவின் பேனா "வயிற்றுக் கோளாறு காரணமாக" என்று எழுதும். "ஒரே பேஜாரா கீது, நாளிக்கி வரல" என்பது "உடலும் உள்ளமும் சோர்வுற்றிருப்பதால்" ஆகிவிடும். "தாவு தீந்துடுச்சு" என்று களைத்து வந்தவருக்கு அக்கா என்ன எழுதினார் என்பது மறந்துபோயிற்று. ஆனால் ஒரு நாள் லீவு கேட்டவருக்கு மேனேஜர் இரண்டு நாள் கொடுத்தனுப்பியது நன்றாக நினைவிருக்கிறது.

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி, டிரம்களை இறக்கி அடுக்கி ஏற்றி அனுப்பும் பெரிய குடோன் அது. மெயின் கேட்டுக்குப் பக்கத்தில் கம்பி போட்ட ஜன்னலோடு ஓர் அறை. அதுதான் டைம் ஆபீஸ். வருகைப் பதிவு, ஷிப்ட் மாற்றம், லீவு, அடையாள அட்டை தொலைந்த கதை எல்லாம் அங்கேதான் வரும். கம்பிக்கு அந்தப் பக்கம் லோடர்களும் டிரைவர்களும், இந்தப் பக்கம் அக்கா. பதினான்கு வருஷமாக அதே நாற்காலி. எச்.ஆர். பிரிவில் புதிதாகச் சேர்ந்த எனக்கு மேலே ஏ.சி. அறையில் இடமில்லை என்று அக்காவின் பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிட்டார்கள். நான் தென்காசிப் பக்கம். பட்டணத்துக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

முதல் நாளே வாட்ச்மேன் என்னைப் பார்த்து, "குந்தும்மா, சாரு வந்துருவாரு" என்றார். பக்கத்தில் நாற்காலி இருக்க, பட்டுக்கரை போட்ட புடவையில் வந்திருக்கும் என்னைத் தரையில் குந்தச் சொல்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. விறைத்துக்கொண்டு நின்றேன். அவரும் விடவில்லை, நான் கூச்சப்படுகிறேன் என்று நினைத்துக் குந்து குந்து என்று உபசரித்துக்கொண்டே இருந்தார். ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அக்காதான் வெளியே வந்து, "உங்களை உட்காரச் சொல்றாரும்மா. மரியாதையாத்தான் சொல்றாரு" என்று என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அதிலிருந்து எனக்கும் அந்தக் குடோனுக்கும் நடுவில் அக்கா. நான் "பைய வாங்க" என்றால் மெதுவாக வரச் சொல்கிறாள் என்பார். யாராவது என்னை "இன்னா, ராங்கா பேசுற" என்றால் திமிர் என்கிறார்கள், தப்பு என்று சொல்லவில்லை என்று விளக்குவார். எல்லா ஊர்ப் பேச்சும் தனக்குத் தெரியும் என்று அக்காவுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. யாரிடமும் திருப்பிக் கேட்க மாட்டார். பாதி சொல்லும்போதே தலையை ஆட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்துவிடுவார். அதில் நானே ஒரு தடவை மாட்டினேன்.

ஊரிலிருந்து போன் வந்தது. அழுதுகொண்டே அக்காவிடம், "எங்கப்பா சாரம் தடுக்கி விழுந்துட்டாவ" என்றேன். லீவு லெட்டரை அக்காவே எழுதி மேலே அனுப்பிவிட்டார். கால் மணி நேரத்தில் மேனேஜர் இறங்கி வந்து, எத்தனையாவது மாடி, உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லையே என்று விசாரித்தார். லெட்டரில் "கட்டுமானப் பணியின்போது சாரத்திலிருந்து தவறி விழுந்து" என்று இருந்தது. எங்கப்பா ரேஷன் கடையில் பில் போடுகிறவர். கைலியைத்தான் நாங்கள் சாரம் என்போம். அது காலில் சிக்கிக் குளியலறை வாசலில் விழுந்திருந்தார். டைம் ஆபீஸே சிரித்தது. அழுதுகொண்டிருந்த நானும் சிரித்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளிறி, அந்த லெட்டரை நாலாகக் கிழித்துவிட்டு வேறு எழுதினார்.

புதிய லெட்டரைப் படித்தேன். கடைசி வரி, "நேர்ந்த தவற்றை மன்னித்தருள வேண்டுகிறேன்" என்று இருந்தது. அப்பா விழுந்ததற்கு நான் எதற்கு மன்னிப்பு கேட்க வேண்டும் என்றேன். லெட்டர் என்றால் அப்படித்தான் முடிய வேண்டும், மேனேஜர் அந்த ஒரு வரியைத்தான் படிப்பார், படித்ததும் மனசு இளகிக் கையெழுத்துப் போடுவார் என்றார் அக்கா. லேட்டாக வந்தவர், அட்டையைத் தொலைத்தவர், தங்கைக்குக் கல்யாணம் என்று லீவு கேட்டவர், எல்லாருக்கும் அதே வரிதான். அந்த மேனேஜரும் அப்படித்தான் இருந்தார். சிரித்துக்கொண்டே இனிஷியல் போட்டு டிராயரில் போட்டுவிடுவார். பதினான்கு வருஷத்தில் அந்த வரி ஒருமுறைகூட அக்காவைக் கைவிட்டதில்லை.

அக்காவின் வீடு கல்மண்டபத்தில். அப்பா, தம்பிகள் எல்லாரும் லாஞ்சில் மீன் பிடிக்கக் கடலுக்குப் போகிறவர்கள். கேட்டுக்கு உள்ளே இப்படித் திருத்தமாகப் பேசுகிற அக்கா, கேட்டைத் தாண்டிப் பத்தடி நடந்ததும் வேறு ஆளாகிவிடுவார். அந்த ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். எங்கள் ஷேர் ஆட்டோ நடுவில் மாட்டிக்கொண்டால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது, இறங்கி நடக்கலாம் என்றால் இரண்டு பக்கமும் ஆளுயரச் சக்கரங்கள். எனக்கு மூச்சு முட்டும். அக்கா அப்போதுதான் தலையை வெளியே நீட்டி நாமக்கல்காரர், ஆந்திராக்காரர் என்று பார்க்காமல் ஏசுவார். "யோவ், ஊட்டாண்ட போய்க் கட்டிலு போட்டுத் தூங்குயா, இங்க இன்னா உனுக்கு" என்பார். ஏச்சு வாங்கிய டிரைவரே சிரித்துவிட்டு ஓரடி நகர்த்தி வழி விடுவார். அந்த அக்காவை எனக்கு அவ்வளவு பிடிக்கும். இவரை ஏன் கேட்டிலேயே விட்டுவிட்டு உள்ளே வருகிறீர்கள் என்று ஒரு நாள் ஆட்டோவில் கேட்டே விட்டேன்.

இருபத்திரண்டு வயதில் பாரிமுனையில் ஓர் ஆபீசுக்கு இன்டர்வியூவுக்குப் போனாராம். எங்கே இருக்கிறாய் என்றதற்கு, "கல்மண்டபத்தாண்ட வூடு சார்" என்றிருக்கிறார். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். ஒருவர், "என்னது, இன்னொரு தடவை சொல்லு" என்றார். சொன்னார். பக்கத்து அறையிலிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னார்கள். சினிமாவில் இப்படிப் பேசுகிறவர்கள் எல்லாம் சிரிக்க வைப்பதற்கோ குத்துவதற்கோ வருகிறவர்கள்தானே. இவர்களுக்கு நேரிலேயே ஒன்று கிடைத்துவிட்டது. அக்கா நாலு தடவை சொல்லிவிட்டு வெளியே வந்தார். "அன்னிக்கி வாய மூட்னவதான், கேட்டாண்ட வந்தா தானா மூடிக்கும்" என்றார்.

ஆனால் அது தானாகத் திறக்கவும் மறுத்தது. ஒரு மத்தியானம் அக்காவின் தம்பி போன் செய்தான். அம்மாவுக்கு சீக்கு ஜாஸ்தியாகி மூச்சு வாங்குகிறது என்று அவன் கத்தியது எனக்கே கேட்டது. அக்கா பதறிக்கொண்டே, "உடனே மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்க, நான் அனுமதி வாங்கிட்டு வர்றேன்" என்றார். அந்தப் பக்கம், "ஹலோ, யாருங்க பேசுறது?" என்று கேட்டுவிட்டு, ராங் நம்பர் என்று நினைத்து அவன் வைத்துவிட்டான். அக்கா செருப்பைக்கூடப் போடாமல் கேட்டுக்கு வெளியே ஓடி, அங்கே நின்று திரும்ப அவனைக் கூப்பிட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகையாக வந்தது.

ஏழுமலை அண்ணனின் விஷயம் நடந்தது அதற்கு அடுத்த வருஷம். சடையங்குப்பத்துக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர், பதினோரு வருஷமாகக் காண்ட்ராக்டில் போர்க்லிப்ட் ஓட்டினார். அந்த வருஷம் நிரந்தரமாக்கும் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அதற்குள் பழைய மேனேஜர் ஓய்வு பெற்றுப் போய், புதியவர் வந்திருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து சூப்பர்வைசர் ஒருவரும் புதிதாக வந்தார். திட்டும்போதுகூட "ங்க" போட்டுத் திட்டுகிற மனிதர். ஒரு காலை அவர் போனைப் பார்த்துக்கொண்டே நடந்து, பின்னோக்கி வந்துகொண்டிருந்த போர்க்லிப்டுக்கு நேராகப் போய் நின்றுவிட்டார். ஏழுமலை அண்ணன் பிரேக்கை மிதித்து, "யோவ் சாவுகிராக்கி, அந்தாண்ட போயா" என்று கத்தினார். ஒரு முழம் இடைவெளியில் வண்டி நின்றது.

இங்கே அது ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழுகிற வார்த்தை. பஸ் டிரைவர் சொல்வார், ஆட்டோக்காரர் சொல்வார், சொல்லிவிட்டு அடுத்த நிமிஷம் மறந்துவிடுவார்கள். எனக்கும் அது உறைக்கவில்லை. என் அம்மா என்னைச் "சவத்த மூதி" என்று கூப்பிட்டுத்தான் சோறு போட்டாள். சூப்பர்வைசருக்கு அப்படி இல்லை. காலையில் வேலைக்கு வந்த மனுஷனைப் பார்த்துச் சாவு என்று ஒருவன் சொல்வானா, எங்கள் ஊரில் பகையாளியைக்கூடச் சொல்ல மாட்டோம் என்று நடுங்கிக்கொண்டு சொன்னார். அவர் நடிக்கவில்லை, உண்மையாகவே பயந்திருந்தார். புகார் எழுதிக் கொடுத்தார். புதிய மேனேஜர் அதைக் கொலை மிரட்டல் என்று தலைப்புப் போட்டு, இருபத்து நாலு மணி நேரத்தில் விளக்கம் எழுதித் தர வேண்டும் என்று ஏழுமலை அண்ணனுக்கு நோட்டீஸ் அனுப்பினார்.

எழுதுவதென்றால் எங்கே போவார். ஜன்னலுக்குத்தான் வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை நான் பக்கத்து மேஜையிலிருந்து கேட்டேன்.

"வண்டி ரிவர்ஸ்ல வந்துகினு கீது மேடம். அந்தாளு போன பாத்துகினே பின்னாடி வந்து நிக்கிறாரு. நான் கத்தலன்னா அவுரு இன்னிக்கி இல்ல. இதான் நடந்துச்சு. இத்த ஒயுங்கா எயுதிக் குடு."

அக்கா பாதியிலேயே தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டார். எழுதி முடித்ததும் எனக்கும் படித்துக் காட்டினார். "மேற்பார்வையாளர் அவர்களிடம் தகாத சொல்லைப் பயன்படுத்தி அவர் மனம் புண்படும்படி நடந்துகொண்டேன். இனி இவ்வாறு நிகழாது. நேர்ந்த தவற்றை மன்னித்தருள வேண்டுகிறேன்." வண்டி ரிவர்சில் வந்தது எங்கே அக்கா என்று கேட்டேன். அதை எழுதினால் எதிர்த்துப் பேசுகிற மாதிரி ஆகிவிடும், கோபம்தான் ஏறும், பணிந்து போனால் ஒரு வார்னிங்கோடு முடியும் என்றார். நன்மைக்குத்தான் செய்தார், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஏழுமலை அண்ணன் எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, "சோக்கா எயுதிக்கீற" என்று கையெழுத்துப் போட்டார். நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

புதிய மேனேஜர் எந்த லெட்டரையும் டிராயரில் போடுகிறவர் இல்லை. பைலில் போட்டார். ஒரு வக்கீலை வரவழைத்து மாடியில் விசாரணை வைத்தார்கள். நடப்பதை எழுதும் வேலை எனக்கு. இரண்டு லோடர்கள் வந்து, அது திட்டே இல்லை சார், ஓரமாகப் போ என்று அர்த்தம் என்று மன்றாடினார்கள். சூப்பர்வைசரும், வண்டி ரிவர்சில் தன் மேல் வந்ததால்தான் கத்தினார் என்று இப்போதுதான் புரிகிறது என்று இறங்கி வந்தார். வக்கீல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு லெட்டரைத் தூக்கிக் காட்டி, அந்த வார்த்தைக்கு ஆயிரம் அர்த்தம் இருக்கட்டும், அவரே தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டாரே என்றார்.

அக்காவைக் கூப்பிட்டார்கள். லெட்டர் உங்கள் கையெழுத்தில் இருக்கிறதே என்று கேட்டபோது ஆமாம் என்றார். அடுத்த கேள்விதான் முக்கியம்.

"அவர் சொல்லச் சொல்லத்தானே எழுதினீங்க?"

அக்கா மேனேஜரைப் பார்த்தார். அக்காவும் காண்ட்ராக்ட்தான், வருஷா வருஷம் மார்ச்சில் புதுப்பிப்பார்கள். துறைமுகத்தில் கால் நசுங்கிய கணவர் வீட்டில். இல்லை என்று சொன்னால், சொல்லாததை எழுதிக் கையெழுத்து வாங்கியதாக அக்காவின் மேல் ஒரு நோட்டீஸ் வரும். இதெல்லாம் அந்த அறையில் எனக்குத் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். அக்கா "ஆமாம் சார்" என்றார். ஏழுமலை அண்ணனும் ஒன்றும் மறுக்கவில்லை, தனக்காக மேடம் சாட்சி சொல்கிறார் என்று நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தார். "சாட்சி ஆமாம் என்று பதிலளித்தார்" என்று நான் எழுதினேன். பக்கத்து மேஜையில் எல்லாவற்றையும் கேட்டவள் நான். என்னிடம் யாரும் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்து நாளில் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் எங்கள் ஷேர் ஆட்டோ எர்ணாவூரில் டிரெய்லர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. ஒன்றரை மணி நேரம். தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவும் எந்த டிரைவரையும் ஏசவில்லை. ரொம்ப நேரம் கழித்து, இல்லை என்று சொல்லியிருந்தால் தானும் வெளியே, அவரும் வெளியே, ஒருத்தராவது உள்ளே இருக்கட்டும் என்றுதான் என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு அவ்வளவு கோபம். அக்கா மேல் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஏழுமலை அண்ணன் ஜன்னலுக்கு வந்தார். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருந்தார். கையில் ஒரு வெள்ளைத்தாள். மணலியில் ஒரு கம்பெனியில் டிரைவர் வேலை இருக்கிறதாம், அனுபவச் சான்றிதழ் கேட்கிறார்களாம். அதற்கு மேனேஜருக்கு ஒரு லெட்டர் வேண்டும். இதை அவர் சொன்ன விதத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"வணக்கம் மேடம். தாங்கள் எனக்கு ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும்."

ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தார். "ழ" வருகிற இடத்தில் நின்று நாக்கை மடித்தார். என் வாயால்தான் மேடம் எனக்கு வேலை போய்விட்டது, இப்பொழுது திருத்திக்கொண்டு வருகிறேன், வீட்டிலும் இப்படித்தான் பேசுகிறேன், எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். அக்கா தலையைத் தூக்காமல் எழுதினார். நாலே வரி. அண்ணன் வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கம்பி வழியாகத் திருப்பி நீட்டினார்.

"கடைசியில் அந்த வரி இல்லையே மேடம். மன்னிக்க வேண்டும் என்று ஒன்று எழுதுவீர்களே. அதையும் போட்டுவிடுங்கள்."

அக்கா தாளை வாங்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். அந்த அறைக்குள் அவர் கேட்டுக்கு வெளியே பேசுகிற மாதிரி பேசி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

"உன் வாயி ஒண்ணும் பண்ல ண்ணா. அந்த வரிதான் உன்ன வெளிய தள்ளிச்சு. வண்டி ரிவர்ஸ்ல வந்துச்சுன்னு நீ சொன்னியே, அத்த நான் எயுதவே இல்ல. நீ சொல்லாதத எயுதி உன்னாண்ட கையெயுத்து வாங்கிட்டேன்."

அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் அவருக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். புரிந்துகொண்டுதான் இருந்தார். மறுபடி வாயைத் திறந்தபோது இரண்டு மாதமாகப் பழகிய தமிழ் போயிருந்தது.

"இத்த அன்னிக்கி மேல சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம். சொல்லல."

அவர் அக்காவைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அக்காவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீயும் அங்கதானம்மா இருந்த?"

"ஆமாம்" என்றேன்.